பிறந்த தேதி: ஜனவரி 1

ரத்தக் கொதிப்பு பரம்பரையாக வருமா என்று யாராவது கேட்டால், "எந்த வயதில்?" என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். கேட்டவருக்கு எரிச்சல் வரும். டாக்டர்களுக்கும் வரும். அவர்களுக்கு வேண்டியது ஒரு சதவீதம், அவ்வளவுதான். குடும்பங்களை வைத்துச் செய்த ஆய்வுகள் முப்பது முதல் ஐம்பது சதவீதம் வரை பரம்பரைக்குப் பங்கு உண்டு என்று சொல்லி வந்திருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டால் நிம்மதியாகப் போய்விடுவார்கள். ஆனால் அந்தக் கணக்கு இருபத்தைந்து வயதுக்காரர்களிடம் போட்டதா, அறுபது வயதுக்காரர்களிடம் போட்டதா, எந்த ஊரில், எந்தப் பத்தாண்டில் போட்டது என்று தெரியாமல் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மரபணு கருவிலேயே வந்தது, கடைசிவரை அப்படியே இருக்கும். ரத்த அழுத்தமோ வருஷா வருஷம் நகர்கிறது. அசையாத ஒன்றை வைத்து அசையும் ஒன்றை விளக்குவதுதான் என் பிழைப்பு.

நான் மருத்துவப் புள்ளியியல்காரன். தொழில் பழகியது வேலூர்ப் பக்கம். நீண்டகாலக் கணக்கு என்பது அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரத்திலும் கே.வி.குப்பம் வட்டாரக் கிராமங்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எடையையும் நீளத்தையும் எழுதி வைத்து, அவர்கள் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் தேடிப் பிடித்து அளந்திருக்கிறார்கள். இளம் வயதில் என் மேஜைக்கு வந்த முதல் பாடம் அந்த மாதிரித் தரவுதான்: ஒரே ஆள், பல வருஷம், பல அளவு. ஒருவரை ஒரு முறை அளந்தால் கிடைப்பது ஒரு எண். திரும்பத் திரும்ப அளந்தால் கிடைப்பது ஒரு கோடு. கோட்டுக்குத் தொடக்கம் உண்டு, ஏற்றம் உண்டு. பரம்பரை இந்த இரண்டில் எதைத் தொடுகிறது என்ற கேள்வியே கோடு கையில் இருந்தால்தான் பிறக்கும்.

கோடுகளை ஒப்பிடும் கணக்கில் நம்மவர் கை நிறையவே உண்டு. சி.ஆர். ராவ் 1958-இலும் 1965-இலும் வளர்ச்சிக் கோடுகளைப் பற்றி எழுதியவை இன்றைக்கும் அடித்தளம். 1982-இல் லேர்டும் வேரும் அதை மருத்துவத் தரவுக்கு ஏற்றபடி செதுக்கினார்கள்: எல்லாருக்கும் பொதுவான ஒரு சராசரிக் கோடு, அதிலிருந்து ஒவ்வொருவரும் விலகும் தொடக்கம், விலகும் ஏற்றம். இன்று 'ஆர்' மென்பொருளில் ஒரே வரியில் எழுதிவிடலாம். இதற்குள் உறவுமுறையைப் புகுத்தும் வித்தை வந்தது மாட்டுக்காரர்களிடமிருந்து. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹெண்டர்சன் பால்மாடுகளுக்காக உருவாக்கிய சமன்பாடுகள் அவை. எந்தக் காளையின் மகள் எவ்வளவு கறக்கிறாள், கன்று போட்ட நாளிலிருந்து அந்தப் பால் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்தவர்களுக்கு, மனிதரின் ரத்த அழுத்தம் அதே கணக்குத்தான். மாடுகளுக்கு ஒரு வசதி உண்டு. பிறந்த தேதி பண்ணைப் பதிவேட்டில் இருக்கும்.

மனிதர்களில் இந்தக் கணக்கைப் பழக உலகம் முழுவதும் இருக்கிற ஆட்கள் ஒரே தரவை எடுத்துப் போட்டுப் பார்க்கும் பயிலரங்குத் தொடர் ஒன்று இருக்கிறது. அதன் பதின்மூன்றாம் சுற்று 2002-இல், 1948-இல் தொடங்கிய அமெரிக்க ஃபிராமிங்ஹாம் ஆய்வின் குடும்பங்களை வைத்து நடந்தது. பதினெட்டாம் சுற்று 2012-இல். சான் அன்டோனியோ நகரத்து மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் இருபது, ஆட்கள் 959, ஒவ்வொருவருக்கும் அதிகபட்சம் நான்கு முறை எடுத்த ரத்த அழுத்தம். கூடவே கணினியில் உற்பத்தி செய்த பொய்த் தரவும் கொடுத்தார்கள். அதில் எந்த மரபணு வேலை செய்கிறது என்பது உருவாக்கியவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். 'மேப்4' என்பதற்குத்தான் பெரிய பங்கு. அந்தத் தரவை எடுத்துப் போட்டுப் பழகியவர்களில் நானும் ஒருவன். விடை தெரிந்த கணக்கிலேயே சிறு பங்குள்ள மரபணுக்களைப் பிடிப்பது பெரும்பாடு.

ஏன் என்று ஒரு சிலேட்டில் போட்டுக் காட்டிவிடலாம். மேல் எண், அதாவது சிஸ்டாலிக், ஒரே ஆளுக்கே வாரத்துக்கு வாரம் எட்டு, பத்து மில்லிமீட்டர் மாறும். மாடி ஏறி வந்தாரா, டீ குடித்தாரா, வீட்டில் சண்டையா, எல்லாம் அதில் தெரியும். நடுவயதில் அது ஏறுவதோ வருஷத்துக்கு அரை மில்லிமீட்டர் அளவில். பத்து வருஷம் காத்திருந்தால் ஐந்து மில்லிமீட்டர். அதாவது பத்து வருஷ ஏற்றம் ஒரு வாரத்து ஆட்டத்தைவிடச் சிறியது. நான்கு அளவுகளை வைத்து ஒருவரின் சராசரியை ஓரளவு நம்பிச் சொல்லலாம். ஏற்றத்தைச் சொல்வதற்கு இளைஞர்கள் அவசரப்படுவார்கள். நான் அவர்களை உட்கார வைப்பேன்.

ஜவ்வாது மலைக்கு நான் போகத் தொடங்கியது கணக்கு போட அல்ல. மருத்துவ முகாமில் பதிவேடு சரிபார்க்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். போளூரிலிருந்து ஏறினால் ஜமுனாமரத்தூர். ஆலங்காயம் பக்கமிருந்து ஏறினால் வழியில் காவலூர் வானாய்வகம். மலையாளிப் பழங்குடியினரின் கிராமங்கள் நாடுநாடாகப் பிரிந்து பள்ளத்தாக்குகளில் கிடக்கின்றன. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. சாமையும் தேனும் பலாவும் புளியும் சந்தைக்கு இறங்கும். அரிசியும் கருவாடும் மேலே ஏறும். முகாமில் ரத்த அழுத்தம் எழுதிய நோட்டுகள் வருஷக் கணக்கில் சேர்ந்திருந்தன. ஒரே ஆள், பல வருஷம், பல அளவு. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

நோட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது வயது. வயதுகளைத் தூண் தூணாக வரைந்து பார்த்தால் சீப்புப் பல் மாதிரி: 30, 35, 40, 45, 50 எல்லாம் உயரமாக, நடுவே பள்ளம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர்களுக்கு இது பழைய நோய். அதை அளப்பதற்கென்றே விப்பிள் பெயரில் ஒரு குறியீடு உண்டு. ஆதார் அட்டையைப் பார்த்துத் திருத்தலாம் என்று இறங்கினோம். அட்டைக்கு அட்டை ஜனவரி 1. உத்தேசமாக வயதைச் சொன்னால் வருஷத்தைக் கழித்துப் போட்டு, தேதியை ஜனவரி 1 என்று வைத்துவிடுவார்கள். ஒரு மலையே புத்தாண்டு அன்று பிறந்திருந்தது.

"வயசு இன்னா ஆவுதும்மா?"

"ஆவுது... நாப்பதோ அம்பதோ. நீயே பாத்துப் போட்டுக்கோ சார்."

இந்த 'நீயே பாத்துப் போட்டுக்கோ' என்பதில்தான் விஷம். வயது பத்துப் பத்தாகத் தவறினால்கூடப் பரவாயில்லை. தவறு எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறினால் கோட்டின் ஏற்றம் கொஞ்சம் மழுங்கும், அதற்குத் திருத்தம் உண்டு. இங்கே எழுதுகிறவர் ஆளின் முகத்தைப் பார்த்து வயது போடுகிறார். நோஞ்சானாக, பல் போய், மூச்சு வாங்கி நிற்கிறவருக்கு அறுபது. அதே வயதில் விறகுக்கட்டோடு நிமிர்ந்து வருகிறவருக்கு நாற்பத்தைந்து. ரத்தக் கொதிப்பு ஏற்கெனவே ஆளைத் தின்றிருந்தால் அவருக்கு வயது கூடிவிடுகிறது. வயதோடு அழுத்தம் ஏறுகிறது என்று பிறகு நாம் கண்டுபிடிப்பது, பதிவேடு எழுதியவரின் கண்ணைத்தான்.

மாற்று வழி சம்பவ நாட்காட்டி. காவலூர்த் தொலைநோக்கிக்கு வைணு பாப்பு பெயரைச் சூட்ட ராஜீவ் காந்தி வந்தது 1986 ஜனவரி 6. எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. இந்த இரண்டும் மலையில் நடுவயதுக்காரர்களுக்கு நல்ல ஆணிகள். "ராஜீவ் காந்தி வந்தப்ப நீ இடுப்புல இருந்தியா, ஆடு மேய்ச்சியா, தாலி கட்டிட்டியா?" என்று கேட்டால் பதில் தயங்காமல் வரும். ஊருக்கு ரோடு வந்த வருஷம், கரெண்ட் வந்த வருஷம் ஆகியவற்றைப் பஞ்சாயத்துக் காகிதங்களில் பார்த்துச் சேர்த்துக்கொண்டோம்.

அதைவிட உதவியது இன்னொன்று. தன் வயது தெரியாதவருக்கும் யார் மூத்தவர் என்பது துல்லியமாகத் தெரியும். அண்ணனா தம்பியா, பெரியப்பன் மகனா சித்தப்பன் மகனா, யார் யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பது பிறப்பு வரிசையைப் பொறுத்தது. அதில் ஒருவரும் தடுமாறியதில்லை. ஆகவே வயதை ஒற்றை எண்ணாக எடுக்காமல், தெரியாத எண்ணாக வைத்து, 'இவர் அவரைவிட மூத்தவர், அவர் இவளைவிட மூத்தவர்' என்ற நூற்றுக்கணக்கான நிபந்தனைகளைக் கணினிக்குக் கொடுத்தோம். ஆணிகள் நாலைந்து, வரிசை முழுக்க. மாதிரி ஒவ்வொருவருக்கும் வயதை ஒரு வீச்சாகத் தந்தது: இவருக்கு 47-க்கும் 52-க்கும் இடையில் என்பதுபோல. அந்தச் சந்தேகத்தையும் சேர்த்து அடுத்த கட்டக் கணக்குக்குள் அனுப்பலாம். ஜனவரி 1-ஐவிட எவ்வளவோ மேல்.

அளவுக் கருவி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா ஊரிலும் இதே கதைதான். பழைய பாதரச மானியில் கோடுகள் இரண்டு இரண்டு மில்லிமீட்டருக்கு ஒன்று. நேர்மையாகப் படித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாக வருவது ஐந்தில் ஒரு பங்கு. பழைய நோட்டுகளில் பூஜ்யத்தைத் தவிர வேறு இலக்கத்தைத் தேட வேண்டியிருந்தது. 120/80, 130/80, 140/90. டிஜிட்டல் மெஷின் வந்த பிறகு அது தீர்ந்து வேறொன்று முளைத்தது. கைப்பட்டை. மெஷினோடு வரும் சாதாரணப் பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள புஜத்துக்கு. மலையில் ஒரு பாட்டியின் புஜத்தை டேப்பால் சுற்றினால் 19. பட்டை அவளுக்குக் கவசம் மாதிரி தொங்கும். பெரிய பட்டை அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். மெலிந்த குடும்பம் முழுவதற்கும் குறைவாகக் காட்டினால், கணக்கில் அது 'பரம்பரையாகக் குறைந்த அழுத்தம்' என்று வந்து நிற்கும். சிறு பட்டை வாங்கியதும் அந்தப் பரம்பரை மறைந்துவிடும். மரபியல் ஆய்வுக்குப் பட்ஜெட் போடுகிறவர்கள் முதலில் பட்டைக்குப் பணம் ஒதுக்குங்கள் என்று நான் கூட்டங்களில் சொல்லி அலுத்துவிட்டேன்.

இனி குடும்ப மரம். எனக்கு மலையில் பிடித்த வேலை இதுதான்.

பரம்பரையின் பங்கைப் பிரித்தெடுக்கும் தர்க்கத்தை ஃபிஷர் 1918-லேயே எழுதி வைத்துவிட்டார். உறவு நெருங்க நெருங்க ஒற்றுமை எவ்வளவு கூடுகிறது என்று பார். உடன்பிறந்தவர்களுக்குப் பாதி மரபணு பொது, பாட்டிக்கும் பேத்திக்கும் கால், ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளுக்கு அரைக்கால். ஆனால் உடன்பிறந்தவர்கள் மரபணுவை மட்டுமா பங்கு போடுகிறார்கள்? ஒரே சட்டிக் குழம்பையும் போடுகிறார்கள். உப்பு யார் கையால் விழுகிறதோ அந்தக் கை அந்த வீட்டுக்கு எல்லாம். மேல்நாட்டுக்காரர்கள் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். புருஷன் பெண்டாட்டியைப் பார். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ரத்த உறவு கிடையாது. அவர்களுக்குள் தெரியும் ஒற்றுமை வீட்டினுடையது. அதைக் கழித்துவிட்டால் மிச்சம் மரபணுவினுடையது.

ஃபிராமிங்ஹாமில் இது செல்லும். தமிழ்நாட்டில் அக்கா மகளைக் கட்டியவரிடம் போய் இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள். தாய்மாமனும் மருமகளும் கால்பங்கு மரபணுவைப் பொதுவில் வைத்திருப்பவர்கள், ஒரு பாட்டியும் பேத்தியும் போல. அத்தை மகனும் மாமன் மகளும் என்றால் அரைக்கால். வீட்டின் பங்கு என்று நினைத்துக் கழித்ததில் மரபணுவும் சேர்ந்து போய்விடும். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் பிறக்கும் பிள்ளைக்கு எட்டில் ஒரு பங்கு இடங்களில் இரண்டு பக்கமும் ஒரே மூதாதையரின் பிரதி. இப்படித் தலைமுறை தலைமுறையாக நடந்திருந்தால் மரம் மரமாக இருக்காது, வலையாகிவிடும்.

வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சுந்தர ராவும் இன்பராஜும் 1977-இல் தமிழ்நாட்டுச் சொந்தக் கல்யாணங்களைப் பற்றி வெளியிட்ட கட்டுரைகளை நான் மாணவர்களுக்கு இன்றும் கொடுக்கிறேன். சொந்தத்தில் கட்டினால் குழந்தைச் சாவு எகிறும் என்று எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அப்படி ஒன்றும் பெரிதாகத் தென்படவில்லை. தலைமுறைகளாக இது நடந்ததில் கெட்ட மரபணுக்கள் ஏற்கெனவே கழிந்திருக்கலாம் என்று அவர்கள் யோசித்தார்கள். அதை ஒப்புக்கொள்கிறவர்களும் உண்டு, மறுக்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அவர்கள் உறவை வீடு வீடாகக் கேட்டு எழுதிய பொறுமை.

நாங்களும் அப்படித்தான் கேட்டோம். திண்ணையில் நாலு பெரியவர்கள், தரையில் விரித்த சார்ட் தாள், பென்சில். சிக்கல் பெயரில் தொடங்கும். தாத்தா பெயரை ஒவ்வொரு மகனும் தன் மூத்த பையனுக்கு வைப்பதால் ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலு பேர். "பெரிய வீட்டுக்காரன்", "பாறைமேட்டான்", "ஒத்தக்கண்ணு மருமவன்" என்று ஊர் வைத்த அடைமொழிதான் அடையாள எண். சொந்தத்தில் கட்டியதற்கு இரட்டைக் கோடு போட வேண்டும். தாளில் இரட்டைக் கோடு நிறைய நிறையப் பெரியவர்களுக்குச் சிரிப்பு. எங்கள் பையன் ஒருவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டான். மரத்தின் உச்சியில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்கள் என்றுதான் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். மலையில் உச்சியில் இருப்பவர்களும் மாமன் மச்சான்தான். தாளுக்கு மேலே இடமில்லாததால் நின்றார்கள்.

இந்த வலை பெரிய ஆய்வுகளில் சும்மா இருப்பதில்லை. 2017-இல் நகட்சுகா, தங்கராஜ் முதலானோர் தெற்காசியாவின் 263 சமூகங்களைப் பார்த்தபோது அவற்றில் 81, ஃபின்லாந்துக்காரர்களையும் அஷ்கனாசி யூதர்களையும்விடக் குறுகிய மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகியவை என்று கண்டார்கள். அரிய நோய்களைக் கண்டுபிடிக்க அது வசதி. ரத்த அழுத்தத்துக்கு அந்த வசதி கொஞ்சம்தான். 1950-களில் பிரிட்டனில் பிளாட்டுக்கும் பிக்கரிங்குக்கும் இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. ஒற்றை மரபணு வியாதி என்றார் பிளாட். உயரம்போலத் தொடர்ச்சியாகப் பரவிக் கிடப்பது என்றார் பிக்கரிங். பிக்கரிங் பக்கம் தீர்ந்தது. 2024-இல் 10,28,980 ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்து எண்ணியதில் ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள மரபணுக் குறிகள் 2,103. ஒவ்வொன்றும் கிள்ளுக்கீரை. அத்தனையையும் கூட்டி ஒரு மதிப்பெண் போட்டால், மேல்பத்தில் ஒரு பங்கினருக்கும் கீழ்ப்பத்தில் ஒரு பங்கினருக்கும் சிஸ்டாலிக்கில் சுமார் 17 மில்லிமீட்டர் வித்தியாசம்.

பதினேழு என்பது பெரிய எண்தான், ஒரு மாத்திரை சாதாரணமாகக் குறைப்பதைவிட அதிகம். கேட்டதும், "அப்ப மலைக்காரங்களுக்கும் ஒரு ஸ்கோர் போட்டுடலாமே" என்று சென்னையிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அங்கேதான் நான் காலத்தைக் கிளப்புவேன்.

மலையில் மூன்று கடிகாரம் ஓடுகிறது. ஆளின் வயது ஒன்று. காலண்டர் வருஷம் ஒன்று. மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து ஓடுவது ஒன்று. முதல் இரண்டையும் பிரிப்பது புள்ளியியலில் தீராத தலைவலி: வயதும் பிறந்த வருஷமும் தெரிந்தால் நடப்பு வருஷம் தானே தெரிந்துவிடும், மூன்றுக்கும் தனித்தனியே பங்கு பிரிக்கக் கணக்கு இடம் தராது. 1988-இல் வெளிவந்த இன்டர்சால்ட் ஆய்வில் 52 இடங்களில் 10,079 பேரை அளந்தார்கள். நம் லடாக்கும் டில்லியும் அதில் உண்டு. உப்பு மிகக் குறைவாகச் சாப்பிடும் நான்கு ஒதுக்குப்புறச் சமூகங்களில், பிரேசிலின் யானோமாமி போன்றவர்களில், வயது கூடியும் அழுத்தம் அவ்வளவாக ஏறவில்லை. இத்தாலியில் மடத்துக் கன்னியாஸ்திரிகள் 144 பேரை முப்பது வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். ஊர்ப் பெண்களுக்கு ஏறியது, அவர்களுக்கு ஏறவில்லை. கென்யாவில் லுவோ இனத்தவர் கிராமத்திலிருந்து நைரோபிக்கு வந்தபோது சில மாதங்களிலேயே ஏறத் தொடங்கியது. மரபணு அங்கே பஸ்ஸில் வரும்போது மாறிவிட்டதா என்ன?

ஜவ்வாது மலையின் பெரியவர்கள் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் தின்று வளர்ந்தவர்கள். அவர்கள் பேரன்களுக்கு ரேஷன் அரிசி, பாக்கெட் மசாலா, சந்தைக் கருவாடு, பஸ் ஸ்டாண்டுக் கடைச் சிப்ஸ். அறுபது வயதுக்காரரையும் முப்பது வயதுக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'வயதால் இவ்வளவு ஏறுகிறது' என்று கோடு இழுத்தால், அந்தக் கோடு இரண்டு வேறு சமையலறைகளை இணைக்கிறது. இந்த முப்பது அறுபதாகும்போது தாத்தாவின் கோட்டில் போகமாட்டான். அவன் கோடு செங்குத்தாக இருக்கும். மரபணு மதிப்பெண் உயர்ந்தவனுக்கு இன்னும் செங்குத்தாக. தாத்தாவிடமும் அதே மரபணு இருந்தது. அதற்கு வேலை வரவில்லை.

வயதுக்கு வயது மரபணுவே நிறம் மாறுவதையும் பார்த்திருக்கிறார்கள். 2014-இல் 99,241 பேரை வைத்து வந்த கட்டுரையில் வயதையும் சேர்த்துச் சோதித்தபோது இருபது இடங்கள் தேறின. அவற்றில் ஒன்பதில் விளைவு வயதைப் பொறுத்து வளைந்தது. 'காஸ்இசட்1' போன்ற சிலவற்றில் இளையவர்களுக்கு ஒரு திசை, முதியவர்களுக்கு எதிர்த் திசை. எல்லா வயதையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். அந்தக் கட்டுரை வந்த வாரம் எனக்குத் தீபாவளி.

மூன்றாவது கடிகாரம் சமீபத்தில் வேகம் எடுத்தது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி. மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. மலைக்கு இதைவிட நல்லது கிடையாது. என் கோடுகளுக்குத்தான் திண்டாட்டம். ஏறிக்கொண்டிருந்த கோடு மாத்திரை வந்த மாதத்தில் தொப்பென்று விழும். மாத்திரை சாப்பிடுகிறவர்களை விட்டுவிட்டால் ஆபத்து அதிகமுள்ளவர்களையே விட்டுவிட்டதாகும். அப்படியே எடுத்துக்கொண்டால் அவர்கள் நல்ல பரம்பரைக்காரர்கள் ஆகிவிடுவார்கள். டோபின் முதலானோர் 2005-இல் காட்டிய வழி முரட்டுத்தனமானது, ஆனால் நன்றாக வேலை செய்யும்: மாத்திரைக்காரரின் மேல் எண்ணோடு 15, கீழ் எண்ணோடு 10 கூட்டிவிடு. உலகத்துப் பெரிய ஆய்வுகள் எல்லாம் இதைத்தான் செய்கின்றன. மலையில் கூட்டுவதற்கு முன்னால் மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்லிப் பார்க்க வேண்டும். தலைசுற்றல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்; அட்டை முழுசாகக் கூரை இடுக்கில் இருக்கும். சாப்பிடாத மாத்திரைக்குப் பதினைந்து கூட்டக் கூடாது.

இன்னொரு ஓட்டை, ஆண்கள். நோட்டில் இருபது வயது முதல் நாற்பது வரை ஆண்களின் கட்டங்கள் காலி. கேரளாவுக்கு, பெங்களூருக்கு, திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று ஆந்திரப் போலீசார் சுட்டுக் கொன்ற இருபது பேரில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவர். அதற்குப் பிறகு, "உங்க வூட்டுக்காரர் எங்கம்மா?" என்று வெளியாள் கேட்டால் பெண்கள் முகம் மூடிக்கொள்ளும். நாங்கள் கேட்பதை நிறுத்தினோம். மாதிரிகள் எல்லாம் காலிக்கட்டம் தற்செயல் என்று எடுத்துக்கொண்டு கணக்கை முடிக்கும். இங்கே காலியாக இருப்பவன்தான் ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டு, செங்கல் சூளையில் தூங்கி, கோடு செங்குத்தாகிக்கொண்டிருப்பவன். லுவோக்காரனின் கதை. மலையில் தங்கியவர்களை மட்டும் வைத்துப் போட்டால் பரம்பரையின் பங்கு கூடித் தெரியும், ஏனென்றால் சூழல் மாறியவர்கள் கணக்கில் இல்லை. இதற்கு இருக்கும் ஒரே திருத்தம் பொங்கலுக்குப் போய் அளப்பது. அப்போது எல்லாரும் வந்துவிடுவார்கள். குடித்துமிருப்பார்கள், அதற்கு ஒரு கட்டம்.

இவ்வளவும் சரியாகும்வரை மலையில் மரபணு எடுக்க வேண்டாம் என்று வாதாடியவன் நான். ரத்தமே எடுக்காமல் குடும்ப வலையையும் கோடுகளையும் வைத்தே பரம்பரையின் பங்கைக் கேட்டுப் பார்க்க முடியும். தொடக்கத்தில் எவ்வளவு, ஏற்றத்தில் எவ்வளவு என்று தனித்தனியாகவே கேட்கலாம். மதிப்பெண் போட வேண்டும் என்றால் அந்த மதிப்பெண் பிறந்தது ஐரோப்பியர்களிடம். 2019-இல் அலிசியா மார்ட்டின் குழுவினர் பல குணங்களுக்குச் சேர்த்துப் பார்த்தபோது, அத்தகைய மதிப்பெண்களின் துல்லியம் தெற்காசிய வம்சாவளியினரிடம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் முக்கால் பங்குக்கு மேல். 'தெற்காசியர்' என்று அங்கே எழுதியிருப்பது லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் இருப்பவர்கள். ஜவ்வாது மலைப் புதூர்நாட்டுக்காரர் அதில் இல்லை. 2025 ஜனவரியில் இந்திய அரசின் மரபணுத் திட்டம் பத்தாயிரம் பேரின் முழு மரபணுத் தொகுதியை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. அது நல்ல தொடக்கம். ஆனால் அதில் காலம் இல்லை. மரபணு ஒரு முறை எடுத்தால் போதும். கூடவே அதே ஆட்களின் அழுத்தத்தை இருபது வருஷம் அளக்க யாராவது இருக்க வேண்டும். அதற்குப் பணம் கேட்டால் பெரிய இடங்களில் கொட்டாவி விடுகிறார்கள்.

இன்னொரு காரணமும் சொன்னேன். அமெரிக்காவில் ஹவசுபாய் பழங்குடியினர் 1990-களில் சர்க்கரை நோய்க்காக என்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ரத்தம் கொடுத்தார்கள். அதை மனநோய், சொந்தத்துக்குள் கலப்பு, அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதற்கெல்லாம் பயன்படுத்தியது தெரிந்து வழக்காடி, 2010-இல் ஏழு லட்சம் டாலரும் மிச்ச ரத்தமும் திரும்ப வாங்கினார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்று சொல்லும் ஒரு சமூகத்தின் ரத்தக் குழாயை ஃப்ரீஸரில் வைத்திருப்பவருக்கு, என்றைக்காவது ஒருநாள் அதைச் சோதித்துப் பார்க்கக் கை அரிக்கும். அவர்கள் கேட்டது பி.பி.க்கு மருந்து.

இப்போதைக்கு மலைக்குக் கொடுக்க எங்களிடம் இருப்பது ஒரு பதிவேடு. அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர் யாராவது பி.பி. மாத்திரை சாப்பிட்டாலோ, யாருக்காவது கைகால் விழுந்திருந்தாலோ, அந்த ஆளை இருபத்தைந்து வயதிலிருந்தே வருஷத்துக்கு ஒரு முறை அளக்க வேண்டும் என்று ஒரு கட்டம் சேர்த்தோம். இரண்டாயிரம் மரபணுக் குறி இல்லாமலே இது பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும், செலவு ஒரு டிக். வீட்டில் சேர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு கட்டம். அது உப்பைப் பற்றிப் பேசுவதற்கு. வீடு வீடாகப் போகும் தன்னார்வப் பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தபோது பின்வரிசையில் இருந்து ஒருத்தி எழுந்தாள்.

"சார், எங்க மாமனுக்கு பி.பி. இருக்குது. அவருதான் எங்க வூட்டுக்காரரு. ஒரு டிக்கா, ரெண்டு டிக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். ரெண்டு என்றேன். அம்மாவின் தம்பி என்பதற்கு ஒன்று, ஒரே சட்டியில் தின்பதற்கு ஒன்று. முதல் கட்டத்தில் தாய்மாமன் என்று நாங்கள் அச்சடித்திருக்கவில்லை. பேனாவால் எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் தங்கள் நோட்டிலும் அந்த வரியைத் திருத்தியதைக் கவனித்தேன்.